ஆன்லைன் ஓவியர் சந்திப்பு: பாராட்டோட முடிஞ்சு போகுது, தொழில் பேச்சு வரவே மாட்டேங்குது. எப்படி நடத்தறீங்க?

நீலமை எழுதியது:

வணக்கம். கொஞ்ச நாளா மனசுல உறுத்திட்டே இருக்கற விஷயம், இதுல அனுபவப்பட்டவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதான் கேக்கறேன்.

நாங்க ஒம்பது பேர். ஆயிலும் வாட்டர்கலரும் பண்றவங்க அஞ்சு பேர், பிரிண்ட்மேக்கிங் (பிளாக்லயோ தகட்டுலயோ படத்தை உருவாக்கி, மை பூசி பேப்பர்ல அச்சு எடுக்கறது) ரெண்டு பேர், ஒருத்தங்க புத்தகத்துக்கு இல்லஸ்ட்ரேஷன், ஒருத்தர் டெக்ஸ்டைல். மாசம் ஒரு தடவை வீடியோ கால்ல கூடறோம், எட்டு மாசமாச்சு. முதல் மூணு சந்திப்பு அவ்வளவு நல்லா இருந்துச்சு, தனியா ஒரு ரூம்ல உக்காந்து வரைஞ்சிட்டிருக்கற ஆளுக்கு நம்ம வேலையைப் பத்தித் தெரிஞ்ச இன்னொரு ஆள் கேக்கறாங்கன்றதே பெரிய தெம்பு. அப்புறம் மெல்ல மெல்ல அது ஸ்லைடு ஷோ ஆயிடுச்சு. ஒருத்தர் முடிச்ச படத்தைக் காட்டுவாங்க, எல்லாரும் அருமை, சூப்பர், கலர் செமன்னு சாட்ல போடுவாங்க, அடுத்த ஆள். போன மாசம் நாலு பேர்தான் வந்தாங்க.

ஆனா ஒண்ணு கவனிச்சேன். கால் முடிஞ்ச உடனே எனக்குத் தனியா மெசேஜ் வரும். "கமிஷன் வேலைக்கு, அதான் ஒருத்தர் கேட்டு வரைஞ்சு குடுக்கறதுக்கு, அட்வான்ஸ் எப்போ கேக்கறது?" "கேலரில ஒரு பேப்பர் குடுத்து சைன் பண்ண சொல்றாங்க, பாத்து சொல்றீங்களா?" "என் படத்தை எப்படி போட்டோ எடுத்தாலும் நடுவுல பளபளன்னு ஒரு வெளிச்சம் விழுது." இதையெல்லாம் எல்லார் முன்னாடியும் கேட்டிருந்தா ஒம்பது பேருக்கும் பிரயோஜனமா இருந்திருக்குமே. உண்மையான சந்திப்பு கால் கட் ஆனதுக்கு அப்புறம்தான் நடக்குதுன்னு தோணுது. அதை எப்படி உள்ள கொண்டு வர்றது?

கரித்துண்டு எழுதியது:

நீலமை, உங்க கடைசி பத்தி படிச்சதும் எங்க குழு மூணு வருஷத்துக்கு முன்னாடி இருந்த நிலைமை அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. நாங்க ஆறு பேர், இன்னும் ஓடிட்டு இருக்கு, அதனால எங்களுக்கு வொர்க் ஆனதை சொல்றேன்.

முதல்ல நாங்க மாத்தினது, முடிஞ்ச படம் கொண்டு வரக்கூடாதுன்னு வச்சோம். பாதில நிக்கறது, எங்கேயோ சிக்கிக்கிட்டது, கிழிச்சுப் போடலாமான்னு யோசிக்கறது, அதைத்தான் காட்டணும். முடிஞ்ச படத்துகிட்ட நாம பேசி என்ன ஆகப்போகுது, அதுல ஃபிரேம் கூட போட்டாச்சு, பாராட்டறதைத் தவிர வேற வழியே இல்ல. பாதி படம்னா பாக்கறவங்க வாய் தானா திறக்கும்.

ரெண்டாவது, பேசற முறை. லிஸ் லெர்மன்னு ஒரு நடன அமைப்பாளர் 1990-ல ஒரு முறையை உருவாக்கினாங்க, நடனத்துக்குன்னு வந்தது இப்ப ஓவியம், நாடகம், எழுத்துன்னு எல்லா இடத்துலயும் பயன்படுத்தறாங்க. நாலு படி. முதல்ல பாக்கறவங்க தங்களை எது இழுத்துச்சு, எது மனசுல நின்னுச்சுன்னு மட்டும் சொல்லணும். அப்புறம் வரைஞ்சவங்க கேள்வி கேக்கணும், ஆமாங்க, வரைஞ்சவங்கதான். மூணாவது பாக்கறவங்க கேள்வி கேக்கலாம், ஆனா அதுக்குள்ள கருத்தை ஒளிச்சு வைக்கக்கூடாது. கடைசியா, "பின்னணியைப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு, சொல்லலாமா?"ன்னு கேட்டு, அவங்க சரின்னா மட்டும்தான் சொல்லணும். வேண்டாம்னா விட்டுடணும்.

மூணாவது படிதான் ரொம்ப கஷ்டம், எங்களுக்குப் பழக அஞ்சாறு மாசம் ஆச்சு. "பின்னணி ஏன் இவ்ளோ இருட்டா இருக்கு?"ன்னு கேட்டா அது கேள்வி இல்ல, இருட்டா இருக்குன்னு குத்தம் சொல்றது. "பின்னணிக்கு இந்த டோனை எப்படி முடிவு பண்ணீங்க?" இது கேள்வி. எங்க குழுல ஒருத்தங்க இந்த ரெண்டாவது கேள்விக்கு பதில் சொல்ல ஆரம்பிச்சு, பாதிலயே நிறுத்தி, "நான் முடிவே பண்ணல, பேலட்ல மிச்சம் இருந்ததைப் பூசிட்டேன்"ன்னாங்க. யாரும் எதுவும் சொல்லல. அடுத்த மாசம் அந்தப் பின்னணி முழுக்க சுரண்டி எடுத்து வேற போட்டிருந்தாங்க.

நேரம்: ஜூம் இலவசக் கணக்குல 40 நிமிஷம்தான் கிடைக்கும், அதை நாங்க அப்படியே அளவா வச்சுக்கிட்டோம். ஒரு ஆளுக்கு 20 நிமிஷம், ஒரு தடவைக்கு ரெண்டு பேர்தான். ஆறு பேரும் ஒரே நாள்ல காட்டணும்னா ஸ்லைடு ஷோதான் ஆகும். மாசத்துக்கு ஒண்ணுன்னு இருந்ததை ரெண்டு வாரத்துக்கு ஒண்ணா மாத்திக்கிட்டோம்.

ரெக்கார்ட் பண்ணாதீங்க. ரெக்கார்டிங் ஓடுதுன்னா யாரும் தான் தடுமாறினதை வாய் விட்டு சொல்ல மாட்டாங்க.

உருளைமை எழுதியது:

நான் லினோகட், எட்சிங்னு பிரிண்ட்மேக்கிங் பண்ற ஆளு. கரித்துண்டு சொன்னதுல ரெண்டு விஷயத்துல எனக்கு ஒத்துப்போகல. முடிஞ்ச படம் வேண்டாம்னா பிரிண்ட்மேக்கர் எப்போ பேசறது, எங்களுக்குப் பிரச்சினையே முடிஞ்ச பிளாக்ல இருந்து இருபது பிரிண்ட் ஒரே மாதிரி எடுக்கறதுலதான். ரெக்கார்டிங்கும் அப்படித்தான், செஞ்சு காட்டற டெமோவை ரெக்கார்ட் பண்ணலன்னா அது வீண். மை எவ்ளோ கெட்டியா இருக்கணும்னு வாயால சொல்ல முடியாது, ரோலர் மை மேல உருளும்போது ஒரு சத்தம் வரும், மை அதிகமானா பிசுபிசுன்னு கனமா கேக்கும், சரியா இருந்தா மெல்லிசா சீறும். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாதான் காது பழகும். அதுக்காக மைக்ல சத்தத்தை வடிகட்டற செட்டிங்கை ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா அந்த சத்தத்தையெல்லாம் இரைச்சல்னு நினைச்சு அதுவே வெட்டிடும். போனை ஒரு ஸ்டாண்ட்ல மேலே இருந்து கீழே பாக்கற மாதிரி மாட்டி ரெண்டாவது கேமராவா சேத்துக்கோங்க, முகம் தெரியணும்னு அவசியமே இல்ல, கைதான் தெரியணும்.

அப்புறம் கலர். ஸ்கிரீன் ஷேர்ல படத்தைக் காட்டிட்டு கலரைப் பத்தி விவாதம் பண்றீங்கன்னா எல்லாரும் ஆளுக்கொரு படத்தைப் பத்திப் பேசிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். ஷேர் பண்ணும்போது படம் கம்ப்ரஸ் ஆகித்தான் போகுது, அதுக்கு மேல ஒவ்வொருத்தர் ஸ்கிரீனும் ஒவ்வொரு மாதிரி. ரெண்டு நாள் முன்னாடியே ஒரு பொது ஃபோல்டர்ல எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைல்ல (ஸ்கிரீனுக்குன்னு இருக்கற பொதுவான கலர் அளவு) ஃபைலைப் போட்டுடுங்க, பக்கத்துல ஒரு கிரே கார்டு (கலர் சரிபாக்கற சாம்பல் நிற அட்டை) வச்சு எடுத்த போட்டோவும் ஒண்ணு சேத்துப் போடுங்க, எல்லாரும் அவங்கவங்க மெஷின்ல திறந்து வச்சுக்கட்டும்.

பளபளப்பு பிரச்சினைக்கு: கேமராவுக்குப் பக்கத்துல லைட் இருந்தா அது நேரா லென்ஸுக்கே திரும்பி வரும். படத்துக்கு ரெண்டு பக்கமும் 45 டிகிரில ஒவ்வொரு லைட், ரெண்டும் ஒரே மாதிரி பல்பு, ரூம்ல மத்த வெளிச்சம் எல்லாம் ஆஃப். அப்பவும் வார்னிஷ் போட்ட ஆயில்ல மினுக்கம் வந்தா லைட்டு முன்னாடி போலரைசிங் ஷீட், லென்ஸ்ல போலரைசிங் ஃபில்டர், ஃபில்டரைத் திருப்பிக்கிட்டே வந்தா ஒரு இடத்துல மினுக்கம் அப்படியே அணைஞ்சு போகும், அதைப் பாக்கவே அவ்வளவு சந்தோஷமா இருக்கும். இதை நீங்க ஒரு சந்திப்பாவே வைக்கலாம், ஒருத்தர் அவங்க செட்டப்பை லைவ்ல காட்டட்டும்.

இன்னொண்ணு, எங்க குழுல பண்ணது. எல்லாரும் கைல இருக்கற கலர்ல ஆளுக்கு பத்து பட்டை ஒரே மாதிரி காட்டன் பேப்பர்ல பூசி, பாதியை அலுமினியத் தாள் வச்சு மூடி ஜன்னல்ல ஒட்டி வச்சோம். மூணு மாசம் கழிச்சு ஒரே நாள்ல எல்லாரும் கேமரா முன்னாடி தாளைப் பிரிச்சோம். ஓப்பரா பிங்க்னு விக்கற வாட்டர்கலர், அதுல ஃப்ளோரசன்ட் சாயம் கலந்திருக்கும், அந்தப் பட்டைல திறந்திருந்த பாதி சோகையா வெளுத்துப் போயிருந்தது. அலிசரின் கிரிம்சன்ற சிவப்பு, ட்யூப்ல பிக்மென்ட் நம்பர் பிஆர் 83-ன்னு போட்டிருக்கும், அதுவும் நல்லாவே மங்கியிருந்தது. க்வினாக்ரிடோன்ற பிக்மென்ட் போட்டவங்களுக்கு மூடின பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவுல கோடே தெரியல. ஒருத்தங்க அந்த ஓப்பரா பிங்க்ல பூ பூவா ஒரு சீரிஸே வித்திருந்தாங்க, அன்னிக்கு அவங்க ரொம்ப நேரம் பேசவே இல்ல. ட்யூப்ல பிக்மென்ட் நம்பர் பாத்து வாங்கணும்னு எத்தனை தடவை படிச்சாலும் ஏறாது, ஆறு ஜன்னல்ல ஒரே கலர் ஒரே மாதிரி வெளுத்ததைக் கண்ணால பாத்தா ஏறும்.

சட்டகம் எழுதியது:

நீலமை, நீங்க கேட்டது தொழில் பேச்சு ஏன் வரலன்னு. கூச்சம்தாங்க. விலை, கமிஷன், ஏமாந்தது, இதெல்லாம் பேசினா நம்மள சின்னதா நினைச்சுடுவாங்களோன்னு எல்லாருக்கும் பயம். யாராவது ஒருத்தர் முதல்ல தன் காகிதத்தை எடுத்து மேஜைல வைக்கணும். எங்க குழுல அது நானா அமைஞ்சது.

ஒரு கேலரிக்கு ஆறு படம் கன்சைன்மென்ட்ல, அதாவது வித்தா மட்டும் பணம்னு, குடுத்தேன். ஒரே பக்கம் ஒப்பந்தம், வித்தா ஆளுக்குப் பாதின்னு மட்டும் இருந்தது. பாதிங்கறது பல இடத்துல சாதாரணமா நடக்கறதுதான், அதுல தப்பு இல்ல. ஆனா பணம் எத்தனை நாள்ல வரணும்னு இல்ல, விக்காத படம் எப்போ திரும்பும்னு இல்ல, வர்ற வழில அடிபட்டா யார் பொறுப்புன்னு இல்ல. ரெண்டு வித்துச்சு, பணம் வர பதினோரு மாசம். திரும்பி வந்த ஒரு படத்துல வலது கீழ்மூலை நசுங்கி கேன்வாஸ் தளர்ந்து தொங்குது, குடுக்கும்போது எப்படி இருந்ததுன்னு காட்ட என்கிட்ட ஒரு போட்டோ கூட இல்ல. அந்த ஒப்பந்தத்தை அப்படியே ஸ்கிரீன்ல போட்டு, கேலரி பேரை மட்டும் மறைச்சு, வரி வரியா படிச்சேன். கை நடுங்குச்சு. நான் படிச்சு முடிச்சதும் இன்னொருத்தங்க "இருங்க, என்னோடதையும் எடுத்துட்டு வர்றேன்"னு எந்திரிச்சுப் போனாங்க. அன்னிக்கு நாலு ஒப்பந்தம் பாத்தோம். கடைசில எல்லாத்துலயும் இருந்து நல்ல வரியைப் பொறுக்கி எங்களுக்குன்னு ஒண்ணு எழுதிக்கிட்டோம்: வித்த 30 நாளுக்குள்ள பணம், படம் கைமாறும்போது அது எந்த நிலைமைல இருக்குன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட கண்டிஷன் ரிப்போர்ட், தள்ளுபடி குடுத்தா அது யார் பங்குல இருந்து போகும், போக்குவரத்தும் இன்சூரன்ஸும் யார் தலைல, திரும்பற தேதி. அவங்க அவங்க நாட்டுச் சட்டத்துக்குத் தகுந்த மாதிரி ஒரு வக்கீல்கிட்ட ஒரு தடவை காட்டிக்கறது நல்லது.

படத்தை வித்துட்டா காப்புரிமையும் போயிடும்னு எங்கள்ல பாதி பேர் நினைச்சுட்டு இருந்தாங்க. பொதுவா அப்படி இல்லங்க. வாங்கினவங்களுக்குப் படம்தான் சொந்தம், அதை பிரிண்ட் போட்டு விக்கற உரிமை நாம எழுதிக் குடுத்தாதான் போகும். 1886-ல வந்த பெர்ன் ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்ட நாடுகள்ல பதிவு பண்ணாமலே வரைஞ்சவங்களுக்கு காப்புரிமை உண்டு. ஆனா சம்பளத்துக்கு வரையறதுன்னா, இந்தியா மாதிரி நாட்டுல ஒருத்தர் காசு குடுத்து கேட்டு வரையறதுன்னா, ஒப்பந்தத்துல மொத்தமா எழுதி வாங்கிக்கறாங்கன்னா கதை வேற, இல்லஸ்ட்ரேஷன் பண்ற உங்க தோழி இந்த வரியைத்தான் முதல்ல பாக்கணும்.

ரெக்கார்டிங் சண்டைக்கு எங்க தீர்வு: கை வேலைன்னா ரெக்கார்ட், காசு பேச்சுன்னா ரெக்கார்ட் இல்ல, குழுல கேட்ட தொகையும் பேரும் வெளிய போகாதுன்னு முதல் நாளே எல்லாரும் வாய் விட்டு சொல்லிடணும்.

புதுத்தூரிகை எழுதியது:

நான் இந்த மாதிரி ஒரு குழுல அஞ்சு மாசம் கேமரா ஆஃப் பண்ணி உக்காந்திருந்த ஆளு, அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். எல்லாரும் என்னை விட பெரியவங்க, நான் என்ன சொல்லிக் குடுத்துடப்போறேன்னு இருப்பேன். ஒரு நாள் நடத்தற அக்கா பொதுவா "யாராவது பேசுங்க"ன்னு கேக்காம, "போன மாசம் உன் வார்னிஷ் வெள்ளையா பூத்துப் போச்சுன்னு சொன்னியே, அப்புறம் என்ன பண்ணே?"ன்னு என்னைப் பேர் சொல்லிக் கேட்டாங்க. மழை நாள்ல, ஈரக்காத்துல அடிச்சதை சொன்னேன், எடுத்துட்டு காஞ்ச நாள்ல மெல்லிசா திரும்ப அடிச்சதை சொன்னேன், ரெண்டு பேர் எழுதிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் கேமரா ஆஃப் பண்ணதே இல்ல. வராத அஞ்சு பேருக்கும் தனித்தனியா இப்படி ஒரு சின்ன கேள்வி அனுப்பிப் பாருங்க அக்கா.

நீலமை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நாலு வாரம் கழிச்சு வந்து எழுதறேன், நேத்து சந்திப்பு முடிஞ்சது.

வராதவங்களுக்கு புதுத்தூரிகை சொன்ன மாதிரி ஆளுக்கு ஒரு கேள்வி அனுப்பினேன், எட்டு பேர் வந்தாங்க. எனக்குத் தனியா வந்த கேள்விகளைப் பேர் இல்லாம எடுத்து வச்சு, முதல்ல என்னோட சொந்த தப்பை சொல்லி ஆரம்பிச்சேன், ஒரு போர்ட்ரெய்ட் கமிஷனுக்கு அட்வான்ஸே வாங்காம ஆறு வாரம் வரைஞ்சு, வீட்டுல யாருக்கோ பிடிக்கலன்னு அவங்க வேண்டாம்னுட்டாங்க, படம் இன்னும் என் அலமாரிக்குப் பின்னாடி சுவத்தைப் பாத்து நிக்குது. சொல்லி முடிச்சதும் கொஞ்ச நேரம் யாருமே பேசல, நான் பயந்துட்டேன். அப்புறம் டெக்ஸ்டைல் பண்ற அண்ணா மைக்கை ஆன் பண்ணி, தான் மூணு பாகமா வாங்கறதை சொன்னார், ஆரம்பிக்கும்போது ஒண்ணு, ஸ்கெட்ச் ஓகே ஆனதும் ஒண்ணு, குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, முதல் பாகம் எந்தக் காரணத்துக்கும் திரும்பாதுன்னு இன்வாய்ஸ்லயே எழுதிடுவாராம். எட்டு மாசமா கூட இருக்கோம், இது எங்க யாருக்கும் தெரியாது. 40 நிமிஷத்துல கால் கட் ஆயிடுச்சு, எல்லாரும் அதே லிங்க்ல திரும்ப வந்தாங்க.

ராத்திரி எனக்குத் தனி மெசேஜ் ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு, ஜன்னல்ல ஒட்டற பட்டைக்கு எந்த பேப்பர்னு கேட்டு. உருளைமை, நீங்க எத்தனை ஜிஎஸ்எம் (பேப்பரோட கனம்) பயன்படுத்தினீங்க?

உருளைமை எழுதியது:

300. எட்டு பேரும் ஒரே பேப்பர் வாங்குங்க, ஒட்டின தேதியை பென்சில்ல பின்பக்கம் எழுதிடுங்க. அப்புறம் ஜன்னல் எந்தத் திசைன்னும் எழுதுங்க, நாங்க அதை எழுத மறந்துட்டோம், பின்னாடி ஒருத்தருக்கொருத்தர் ஒப்பிடும்போது கஷ்டப்பட்டோம்.