ராயபுரம் பக்கம் நிதானமா போட்டோ எடுக்க இடம் சொல்லுங்க

வணக்கம். மனசை ஒருநிலைப்படுத்தும் பயிற்சியா போட்டோ எடுக்கிற சின்னக் குழு நாங்க. ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் இடம் தேடுறோம்.

முறை இதுதான்: ஒரு மணி நேரம், ஆளுக்கு 12 படம், அவ்வளவுதான். போன் ஏரோபிளேன் மோடில். ஒரே இடத்தில் 2 நிமிஷம் நின்னு, வெளிச்சம் எங்கிருந்து விழுது, நிழல் எங்கே முடியுதுன்னு பார்த்த பிறகுதான் கிளிக். ஜூம் கிடையாது, நடந்து கிட்டப் போகணும்.

எடுத்ததை உடனே பார்க்கவும் கூடாது. பெரும்பாலும் சொதப்புறது இங்கேதான். கேமராவில் 'இமேஜ் ரிவ்யூ'வை அணைச்சிடலாம். போனில் மூலையில் வர்ற குட்டிப் படம் விரலை இழுத்துடும். 'நல்லா வந்திருக்கா'ன்னு பார்க்க ஆரம்பிச்சா, கண்ணு எதிரே இருக்கிறதை விட்டுடும். இப்போதைக்கு அந்த மூலையில் டேப் ஒட்டுறோம். அதை மறைக்கிற கேமரா ஆப் தெரிஞ்சா சொல்லுங்க.

காசிமேடு துறைமுகம் ஞாயித்துக்கிழமை காலையில் வேண்டாம்; அந்த நெரிசல்ல வேலை செய்றவங்களுக்குத்தான் இடைஞ்சல். வார நாளில் காலை 6.30-க்கு, 10 பேர் நிக்கிற அளவு நிழலும் பக்கத்தில் கழிப்பறையும் உள்ள தெரு, பார்க் எது? கரையில் வலை பின்றவங்களைப் படமெடுக்க அவங்ககிட்டயே கேட்டா போதுமா, ஊர்ப் பெரியவங்ககிட்டயும் சொல்லணுமா?