கோட்டு வாங்கப் போனேன், கிரெடிட் கார்டு வந்திருக்கு. என்ன செய்ய?

பாளையங்கோட்டை:
அண்ணாச்சி, அக்கா, யாராவது சொல்லுங்க. அமெரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. குளிருக்குக் கோட்டு எடுக்கப் போன கடையில, பில் போடுத பொண்ணு "இன்னிக்கு 20 சதவீதம் குறையும், சேக்கட்டா?"ன்னா. வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையில போன் நம்பர் கேப்பாவல்லா, அப்படின்னு நெனச்சு சரின்னேன். மெஷின் கேட்டதை அடிச்சேன். இன்னிக்குத் தபால்ல என் பேர்ல கார்டு! கடன்னு அவ வாயே தெறக்கல. வீட்ல இன்னும் சொல்லல. வெட்டிப் போட்டா போதுமா?

அம்பாசமுத்திரம்:
நாங்க வந்த காலத்துல கார்டே குடுக்க மாட்டான் தாயி. கிரெடிட் ஸ்கோர், அதான் கடனை ஒழுங்காக் கட்டுதமான்னு போடுத மார்க்கு, இல்லன்னு வாடகை வீட்டுக்கு ரெண்டு மாச அட்வான்ஸ் கேட்டான். டெட்ராய்ட் பனியில பஸ்ஸுக்கு நின்னோம். வந்ததை வச்சுக்கோ, ஸ்கோர் ஏறும்.

வள்ளியூர்:
அண்ணாச்சி, அப்படிச் சொல்லாதீய. கடைக் கார்டு வட்டி வருஷத்துக்கு 30 சதவீதத்தை ஒட்டி நிக்கும். சிலதுல ஆறு மாசம் வட்டி இல்லைம்பான், கெடு முடியும்போது கொஞ்சம் பாக்கி நின்னாலும் வாங்குன நாள்ல இருந்து வட்டி போடுவான். இன்னிக்கே மூடு.

தென்காசி:
அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க. எங்க மைனி இங்க கவுண்டர்ல நின்னவ. ஷிப்டுக்கு இத்தனை கார்டு சேக்கணும்னு மேனேஜர் நெருக்குவார். இலக்கு வச்சா இப்படித்தான். 2016-ல வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்ததும் இலக்குக்காகக் கேக்காமலே கணக்குத் தொறந்ததுக்குத்தான்.

பேட்டை:
இங்க எல்லாமே இப்படித்தான். ஜிம்முல சேர ஒரு நிமிஷம், விலகணும்னா கடுதாசி. போன் பிளான் அதுக்கு மேல.

சங்கரன்கோவில்:
பேச்சு எங்கயோ போகுது. பிள்ளை, எஸ்எஸ்என் (அரசாங்கம் ஆளுக்கு ஆள் குடுக்க சோஷியல் செக்யூரிட்டி நம்பர்), வருமானம் அடிச்சியா? கோட்டுக் காசு அந்தக் கார்டுலயா ஏறுச்சு?

பாளையங்கோட்டை:
எஸ்எஸ்என் கடைசி நாலு எண், வருஷ வருமானம் ரெண்டும் கேட்டுச்சு. பொடி எழுத்துக்குக் கீழ பச்சைப் பட்டன், "அமுக்குங்க"ன்னா. காசும் அதுலதான் ஏறிருக்கு.

சங்கரன்கோவில்:
அப்ப அது கடன் விண்ணப்பம். வெறும் உறுப்பினர் அட்டைக்கு வருமானம் எதுக்கு? கேக்காம கார்டு அனுப்பக் கூடாதுன்னு 1970-லயே சட்டம் வந்துட்டு. நீ கேட்டேன்னு காட்டத்தான் அந்தப் பட்டன்.

வெட்டிப் போட்டா கணக்கு மூடாது. முதல்ல கோட்டுக் காசைக் கட்டு. கெடு தேதிக்கு மேல 30 நாள் தாண்டுனா உன் கடன் வரலாறு இருக்க கிரெடிட் ரிப்போர்ட்டுல ஏறும். அப்புறம் கார்டு பின்னால இருக்க நம்பருக்குப் பேசி, "கடன் கார்டுன்னு சொல்லாம வாங்கிட்டாங்க, மூடுங்க, இந்தக் கார்டுக்காக என் ரிப்போர்ட்டைப் பாத்த விசாரணைப் பதிவை எடுங்க"ன்னு சொல்லு. அதையே கடிதமாவும் அனுப்பு. சும்மா மூடுனா அந்தப் பதிவு ரெண்டு வருஷம் ரிப்போர்ட்டுல நிக்கும். கார்டு குடுத்த வங்கி மசியலன்னா சிஎஃப்பிபி (வங்கி, கடன் புகாரைக் கவனிக்க அரசு அமைப்பு) தளத்துல புகார் போடு, செலவு கிடையாது. ரிப்போர்ட் வச்சிருக்க ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூணு கம்பெனிலயும் கிரெடிட்டை ஃப்ரீஸ் பண்ணு, அதாவது உன் பேர்ல புதுக் கடன் தொறக்க முடியாம பூட்டி வை, 2018-ல இருந்து அதுவும் இலவசம். வீட்லயும் இன்னிக்கே சொல்லிரு, தபால் அவிய கையிலதான் வரும்.

பில்லை இப்பவே போட்டோ எடுத்து வை. அந்தத் தாள்ல எழுத்து சீக்கிரம் மங்கிரும்.