ஐயா பெட்டியில யுனைடெட் இந்தியா பாலிசி: இது எல்ஐசியா, இல்ல விக்கப் போறதா சொல்ற கம்பெனியா?

பள்ளத்தூரான்:
வணக்கம். வளவு வீட்ட பாகம் பிரிக்கணும்னு ரெண்டாங்கட்டு ரூம ஒதுங்க வச்சப்ப எங்க ஐயாவோட தகரப்பெட்டியில, ரங்கூன் கடை ரசீதெல்லாம் கெடந்ததுக்கு அடியில ஒரு இன்சூரன்ஸ் பத்திரம் கெடச்சுது. யுனைடெட் இந்தியா லைஃப், 1946, ரெண்டாயிரம் ரூவா. ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருச்சு, நம்பர் மட்டும் நல்லாத் தெரியுது. சித்தப்பா என்னன்னா 'அது கவர்மெண்டு தனியாருக்கு விக்கப் போற கம்பெனிடா, அதுக்குள்ள போய்க் கேளு'ங்கறாரு. நெசமா? ஏதாச்சும் தேறுமா?

ஏஜென்ட் அண்ணன், காரைக்குடி:
தம்பி, சித்தப்பா ரெண்டு கம்பெனியப் போட்டுக் கொழப்பிக்கிட்டாரு. யுனைடெட் இந்தியா லைஃப் 1906ல சுதேசி வேகத்துல மெட்ராஸ்ல ஆரம்பிச்சது, பின்னால எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் கைக்கு வந்துச்சு. அவரே 1938ல தீ விபத்து, பொது இன்சூரன்ஸுக்குன்னு யுனைடெட் இந்தியா ஃபயர் அண்ட் ஜெனரல்னு தனியா ஒண்ணு தொடங்குனாரு. அதுக்கு முந்துன வருசந்தான் அவரு ஆரம்பிச்ச ஐஓபி பேங்கு (இந்தியன் ஓவர்சீஸ்), காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன் மூணு எடத்துலயும் ஒரே நாள்ல தொறந்தது. 1956ல லைஃப் கம்பெனி மொத்தம் 245ஐயும் சேத்து எல்ஐசி ஆக்குனாங்க, உங்க பத்திரம் அங்க போயிருச்சு. மவுண்ட் ரோட்டு 14 மாடி எல்ஐசி கட்டடமே யுனைடெட் இந்தியாவுக்குன்னு ஆரம்பிச்சதுதான், செட்டியார் 1954ல சிங்கப்பூர் விமான விபத்துல போய்ட்டாரு, கட்டடம் முடிஞ்சது 1959ல எல்ஐசி பேர்ல. ஜெனரல் கம்பெனிகள 1973ல எடுத்து நாலாப் பிரிச்சாங்க, அதுல மெட்ராஸுக்கு வந்ததுதான் இன்னைக்கி இருக்கிற யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ், வண்டிக்கு எடுக்கிறோமே அது.

தேவகோட்டை_72:
நல்லா நடத்துன கம்பெனிய ஏன் புடுங்குனாங்கன்னும் சொல்லுங்க அண்ணே. தொழிலதிபர் டால்மியா தன்னோட பாரத் இன்சூரன்ஸ் பணத்துல கைய வச்சாரு, எம்.பி. ஃபெரோஸ் காந்தி பார்லிமென்டுல கிழிச்சாரு, பழி மொத்தப் பேருக்கும். சரி, அரசாங்கம் எடுத்து ஒழுங்கா இருந்துச்சா? அடுத்த வருசமே எல்ஐசி பணம் ஒண்ணேகால் கோடி கிட்ட முந்த்ராங்கற வியாபாரியோட கம்பெனி ஷேர்ல போச்சு, நிதி மந்திரி டிடிகே (டி.டி. கிருஷ்ணமாச்சாரி) பதவியே போச்சு. இதுல தனியார்னா திருடன், அரசுன்னா சாமின்னு பேசாதீங்க.

கோட்டையூர் ஆச்சி:
அதுக்காக வித்துரலாமா? தனியார் ஆளுக மேலூர் ரோடு தாண்டி ஒரு கிராமத்துக்குப் பாலிசி போட வந்து நான் பாத்ததில்ல. 2022ல எல்ஐசி ஷேர் 949 ரூவான்னாங்க, பாலிசிதாரருக்கு 60 ரூவா தள்ளுபடின்னாங்க, எங்க வீட்டுலயும் ஆசப்பட்டு வாங்குனாங்க, மொத நாளே 872ல தொறந்துச்சு 😡

ஏஜென்ட் அண்ணன், காரைக்குடி:
ஆச்சி, அப்ப வித்தது மூணரை பர்சென்ட்தான், மீதி 96.5 அரசாங்கத்துக்கிட்டதான் இருந்துச்சு, பாலிசிப் பணத்துக்கு அரசாங்க உத்தரவாதமும் சட்டத்துல அப்படியே இருக்கு. பயப்பட வேண்டியது ஜெனரல் கம்பெனிகளுக்கு. 2018ல நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் மூணையும் இணைக்கிறோம்னாங்க, 2020ல வேணாம்னுட்டு முதல் போட்டாங்க, 2021ல அரசு 51 சதவீதம் வச்சுருக்கணும்ங்கற கட்டாயத்தையே சட்டத்துலருந்து எடுத்துட்டாங்க. கதவத் தொறந்து வச்சாச்சு, எந்தக் கம்பெனி போகும்னுதான் பேச்சு. எங்கூட்டாளுக க்ளெய்ம் தர்றதுல இழுத்தடிக்கிறதும் இந்த நெலமைக்கு ஒரு காரணம்னு நானே சொல்லுவேன்.

பள்ளத்தூரானுக்கு: ஐயா பிரீமியத்த பாதியில நிறுத்தியிருந்தா தேறுறது கஷ்டம். முழுசாக் கட்டியிருந்தாலும் ரெண்டாயிரமும் போனஸும்தான், சித்தப்பா நெனைக்கிற மாதிரி லட்சமெல்லாம் வராது. பத்து வருசத்துக்கு மேல யாரும் கேக்காத பணத்த மூத்த குடிமக்கள் நல நிதிக்கு அனுப்பிருவாங்க. எதுக்கும் பத்திரம், ஐயா டெத் சர்டிபிகேட், வாரிசு சர்டிபிகேட்டோட பிராஞ்சுல போய் நம்பரத் தேடச் சொல்லுங்க.

பள்ளத்தூரான்:
ரொம்ப நன்றிண்ணே. பத்திரம் தொட்டா உதிருது, லேமினேட் போட்டுக் கொண்டு போகவா?

ஏஜென்ட் அண்ணன், காரைக்குடி:
அய்யய்யோ வேணாம் தம்பி, அப்படியே பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. மொதல்ல ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுங்க, பின்பக்கம் யாருக்காச்சும் அசைன் பண்ணிருக்கான்னும் (பாலிசி உரிமைய எழுதிக் குடுத்திருக்கான்னும்) பாருங்க, அந்தக் காலத்துல பாலிசிய அடமானம் வச்சு ஏவாரத்துக்குப் பணம் எடுத்தது உண்டு.