மாலையானால் ப்ரீஆம்ப்பில் ஹம்: பவர் சப்ளையில் எதை மாற்றுவது?

வினைல்பித்தன் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. நானே அசெம்பிள் செய்த ப்ரீஆம்ப் (பவர் ஆம்ப்புக்கு முன்னால் வருவது). ஐசி கிடையாது, லைன் ஸ்டேஜ், போனோ ஸ்டேஜ் (ரெக்கார்ட் பிளேயருக்கானது) இரண்டும் எஃப்இடி டிரான்சிஸ்டர். சப்ளை: 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் (ஏசியை டிசி ஆக்குவது), பக்கத்துக்கு 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அப்புறம் 7815, 7915 (+15, -15 வோல்ட் ரெகுலேட்டர்கள்).

பகலில் சுத்தமாகப் பாடுகிறது. விளக்கு வைக்கும் நேரமானால் எல்லா இன்புட்டிலும் 'ஜ்ர்ர்' என்று ஒரு சத்தம். வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் போவதில்லை. போனோவில் மட்டும் தாழ்வான 'ம்ம்ம்' ஒன்று பகல் இரவு பாராமல் இருக்கிறது.

மூன்று யோசனை வைத்திருக்கிறேன்: எல்டி3045, எல்டி3094 போட்ட லோ நாய்ஸ் ரெகுலேட்டர் போர்டு, 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத் தனிப் பெட்டி. ஒன்றுக்குத்தான் பட்ஜெட். எது?

சாலிடர்புகை

வாங்குவதற்கு முன் மீட்டரை எடுங்கள். 7815-இன் இன்புட், அவுட்புட் இரண்டிலும் டிசி எவ்வளவு, பகலிலும் மாலையிலும்? அவுட்புட்டில் ஏசி ரேஞ்சிலும் ஒருமுறை பாருங்கள். மெயின்ஸ் பக்கம் கை போக வேண்டாம்.

வினைல்பித்தன்

பகலில் இன்புட் 18.3, அவுட்புட் 15.0, ஏசி பூஜ்யம். மாலையில் இன்புட் 16.7, அவுட்புட் 14.9, ஏசி சுமார் 20 மில்லிவோல்ட். மொத்தம் 60 மில்லிஆம்ப் இழுக்கிறது.

சாலிடர்புகை

அவ்வளவுதான், ஆள் அகப்பட்டுவிட்டார். 7815 ஒழுங்காக வேலை செய்ய, அவுட்புட்டைவிட இன்புட் ஏறக்குறைய 2 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். மீட்டர் காட்டும் 16.7 சராசரிதான். 60 மில்லிஆம்ப், 2200 மைக்ரோஃபாரட் என்றால் ரிப்பிள் (டிசியின் மேல் ஏறி இறங்கும் அலை) கால் வோல்ட் வரும். அதன் பள்ளம் 16.6-க்குக் கீழே இறங்குகிறது. அந்தக் கணம் ரெகுலேட்டர் கையை விரித்துவிடும், ரிப்பிள் அப்படியே அவுட்புட்டுக்கு வந்துவிடும். மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ் என்றால் அது 100 ஹெர்ட்ஸில் வரும். உங்கள் 'ஜ்ர்ர்' அதுதான். மாலையில் எல்லோரும் லோடு ஏற்ற, மெயின்ஸ் இறங்குகிறது.

என்இ5532 போன்ற ஆப்-ஆம்ப் ஐசி இருந்திருந்தால் இதைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள். சப்ளை வழியாக வருவதை அது சுமார் 100 டெசிபெல் அமுக்கிவிடும். டிரெய்னில் (எஃப்இடியின் வெளியீட்டுக் கால்) ரெசிஸ்டர் போட்ட எஃப்இடி ஸ்டேஜுக்கு அந்தத் தற்காப்பு கிடையாது.

10,000 மைக்ரோஃபாரட் போட்டால் பள்ளம் 0.1 வோல்ட்தான் உயரும். மெயின்ஸ் இன்னும் கொஞ்சம் இறங்கினால் பழைய கதைதான்.

மோனோமுருகு

எல்டி3045-ஐ ஏன் ஒதுக்குகிறீர்கள்? அதற்கு 0.3 வோல்ட் கூடுதலாக இருந்தாலே போதும். நாய்ஸ் 0.8 மைக்ரோவோல்ட். 16.7-இல் தாராளமாக ஓடும்.

சாலிடர்புகை

ஓடும், மறுக்கவில்லை. ஆனால் அதன் இன்புட் வரம்பு 20 வோல்ட். பகலிலேயே 18.3 நிற்கிறது, ஓர் இரவு மெயின்ஸ் 10 சதவீதம் ஏறினால் 20-ஐத் தாண்டும். அப்புறம் போனோவின் 'ம்ம்ம்' அப்படியேதான் இருக்கும், அது ரெகுலேட்டர் விவகாரமே இல்லை.

பழையரேடியோ

செலவில்லாத வழி ஒன்று: 12 வோல்ட் ரெகுலேட்டர்களான 7812, 7912. இப்போதைய டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுதான் பொருத்தம்.

சாலிடர்புகை

ஆப்-ஆம்ப் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன் சார். எஃப்இடி சர்க்யூட்டில் 15-ஐ 12 ஆக்கினால் டிரெய்ன் வோல்டேஜ் எல்லாம் இடம் மாறும், ரெசிஸ்டர்களைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

வினைல்பித்தன், போனோ இன்புட்டை ஷார்ட் செய்து கேளுங்கள். 'ம்ம்ம்' போனால் டர்ன்டேபிள் கேபிள், எர்த்தைப் பாருங்கள். போகாவிட்டால் பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம்தான் சந்தேகம். ரெக்கார்டுக்காக போனோ ஸ்டேஜில் இருக்கும் ஆர்ஐஏஏ சமன் வளைவு 50 ஹெர்ட்ஸை 1 கிலோஹெர்ட்ஸைவிட 17 டெசிபெல் தூக்கும், அதனால் போனோவில்தான் முதலில் தெரியும்.

வினைல்பித்தன்

ஷார்ட் செய்தும் போகவில்லை.

சாலிடர்புகை

அப்படியானால் உங்கள் மூன்றாவது யோசனைதான், 15-0-15 டொராய்டலாக வாங்குங்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: வோல்டேஜ் கூடுவதால் 'ஜ்ர்ர்' போகும், டிரான்ஸ்ஃபார்மர் தள்ளிப் போவதால் 'ம்ம்ம்' போகும். பிரிட்ஜ், 2200 கெப்பாசிட்டர்கள் தனிப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், டிசி மட்டும் கேபிளில் வரட்டும். ரெகுலேட்டர்கள் சர்க்யூட் பக்கத்திலேயே. டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப் (நடு) ஒயர் நேராக இரண்டு கெப்பாசிட்டர் சேரும் முனைக்குப் போக வேண்டும், கிரவுண்ட் அங்கிருந்து கிளம்ப வேண்டும். மாற்றிப் போட்டால் சார்ஜிங் கரன்ட் கிரவுண்டில் ஓடி, 'ஜ்ர்ர்' வேறு வழியாகத் திரும்பி வரும்.

இன்புட் இப்போது 21 முதல் 23 வோல்ட் வரும். கெப்பாசிட்டர் 25 வோல்ட் ரகமாக இருந்தால் 35-க்கு மாற்றுங்கள். ரெகுலேட்டரில் அரை வாட் சூடு, சின்ன ஹீட்சிங்க் போதும்.

பழையரேடியோ

இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் திருகாதீர்கள் தம்பி. 7815-இன் முதுகு கிரவுண்ட், 7915-இன் முதுகு இன்புட். மைக்கா ஷீட் இல்லாமல் போட்டால் நெகட்டிவ் பக்கம் நேராக ஷார்ட்.