மொறிஸ் மைனர் சீற் வெடிச்சுக் கிடக்கு, எண்ணெய் பூசினாப் பிறகு கையில ஒட்டுது (அவசரம்)

நல்லூரான்_87:
வணக்கம். அப்பான்ர காரில லெதர் சீற் காஞ்சு வெடிச்சுப் போச்சு. போன கிழமை எண்ணெய் பூசினன். முதல் நாள் வடிவா மினுங்கிச்சு. இப்ப பிசுபிசு எண்டு கிடக்கு, துணியால தொட்டா சிவப்பா வருகுது. ஆவணியில தங்கச்சிக்குக் கலியாணம், பொம்பிளை மாப்பிளை இந்தக் காரிலதான் வரவேணும் எண்டு அப்பா ஒரே பிடி. 19 நாள்தான் கிடக்கு. கூறையில பட்டா என்னைக் கொண்டுபோடுவாங்கள். கெதியா ஆராவது சொல்லுங்கோ.

கொக்குவில்_கராஜ்:
எந்த வருசத்துக் கார்? என்ன எண்ணெய்? முன் சீற்றோ பின் சீற்றோ? லெதர்தான் எண்டு எப்பிடித் தெரியும்? படம் ஒண்டு போடும் தம்பி.

பனங்காய்:
எஞ்சின் ஒயிலோ?

கொழும்புத்துறை_ரவி:
இது உப்புக்காத்தால வாறது. சோளகம் அடிக்கிற காலம் கண்ணாடியைத் திறந்து விட்டா இப்பிடித்தான். முதல்ல நல்ல தண்ணியால கழுவுங்கோ.

கொக்குவில்_கராஜ்:
கழுவவோ? உள்ளுக்கு இருக்கிற சாக்கும் தும்பும் ஊறினா ஸ்பிறிங் எல்லாம் கறள் கட்டும். விசர்க் கதை கதையாதேங்கோ.

மூத்த_வாசகன்:
இதே கேள்விக்கு நான் முன்னரே மூன்று தடவை எழுதியாயிற்று. தேடிப் பார்க்கிற பொறுமை ஒருவருக்கும் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். தோல் செடி அல்ல, மேலே ஊற்றினால் குடிப்பதற்கு. பதனிடும்போதே கொழுப்பை உள்ளே ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் காலத்து ஆங்கிலக் கார்களுக்குப் பெரும்பாலும் கொனொலி நிறுவனத்தின் தோல்தான் போனது. அதன் மேல் நிறம் பூசி, நைட்ரோசெலுலோஸ் அரக்கு அடித்திருக்கும். நீங்கள் பூசும் எண்ணெய் அரக்கைத் தாண்டாது. வெடிப்பு வழியாக மட்டும் இறங்கும், இறங்கி அங்கேயே ஊறி நிற்கும். எண்ணெய் பூசுவதற்கு முன்னர் கேட்டிருந்தால் தடுத்திருக்கலாம். பூசிவிட்டு வந்து அவசரம் என்கிறீர்கள்.

ரொறன்ரோ_வாசி:
இஞ்ச ஒரு கிறீம் விக்குது, பூசினா ஒரு மணித்தியாலத்தில புதுசு மாதிரி. ஆராவது ஊருக்கு வந்தா குடுத்து விடட்டோ?

பனங்காய்:
அவர் வந்து சேர, பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் சடங்கும் முடிஞ்சிருக்கும் அண்ணை.

நல்லூரான்_87:
வருசம் 1961. லெதர் எண்டு அப்பா சொன்னவர். எண்ணெய் வீட்டில இருந்தது.

தையல்_அக்கா:
வீட்டில இருந்தது எண்டா? தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ?

தம்பி, ஒரு சின்னப் பரிசோதனை செய்யும். விரல் நுனியால ஒரு சொட்டுத் தண்ணியை இருக்கிற இடத்தில வைச்சு அஞ்சு நிமிசம் பாரும். முத்து மாதிரி நிண்டா மேல்பூச்சு இன்னும் இருக்கு. ஊறிக் கறுத்தா பூச்சுத் தேஞ்சு போச்சு. எண்ணெய் பட்ட இடத்தில தண்ணி எப்பிடியும் நிக்கும், அதால பூசாத மூலையாப் பாரும். பேந்து சீற்றைக் கழட்டிக் கீழ்ப்பக்கம் பாரும். சதை மாதிரி நார் நாரா இருந்தா தோல், நெய்த துணி தெரிஞ்சா றெக்சின். மைனரில டீ-லக்ஸ் எண்டா இருக்கிற, சாயிற முகத்துக்கு மட்டும் தோல், பக்கமும் முதுகும் றெக்சின்தான். முழுக்க ஒண்டு எண்டு நினைச்சு ஒரே மருந்து போடேலாது.

கொழும்புத்துறை_ரவி:
நெருப்புக்குச்சி வைச்சுப் பாத்தா உடன தெரியும், லெதர் எண்டா மயிர் எரியிற மணம் வரும்.

தையல்_அக்கா:
எண்ணெய் ஊறின சீற்றுக்கு நெருப்புக்குச்சி. நல்ல யோசனை.

நல்லூரான்_87:
நல்லெண்ணெய் அக்கா. அம்மம்மா சொன்னவ. 3 நாள் பூசினன். கீழ பாத்தன், இருக்கிற இடம் நார்தான், பக்கத்தில துணி. நீங்கள் சொன்னது சரி. எண்ணெய் பூசினதில இருந்து பழைய மண்ணெண்ணெய் மணமும் கிளம்புது, அது ஏன்?

கொக்குவில்_கராஜ்:
அது 90களில ஓடின மணம்! யுத்தத்தில யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை போட்ட நேரம் எங்கட கார் எல்லாம் மண்ணெண்ணெயிலதானே ஓடினது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. கானைப் பின் சீற்றில வைச்சுக் கொண்டு திரிஞ்சிருப்பினம். மைனர் பாவம், அதுக்கு ஏலாது. ஒஸ்ரின் ஏ40 கார் எண்டா சும்மா ஓடும்.

பனங்காய்:
ஆர் சொன்னது மைனருக்கு ஏலாதெண்டு? எங்கட வீட்டு மைனர் பருத்தித்துறைக்கு வாரத்துக்கு ரண்டு தரம் போய் வந்தது.

கொக்குவில்_கராஜ்:
போய் வந்திருக்கும். ஏ40 சொமர்செற் 1200 சிசி, மைனர் அப்ப 948. சுமை இழுக்கிறதில வித்தியாசம் இல்லையோ?

ரொறன்ரோ_வாசி:
ரண்டும் இல்லை, மொறிஸ் ஒக்ஸ்போட்தான். அதைத்தானே இந்தியாவில அம்பாசடர் எண்டு இத்தனை வருசம் விட்டவங்கள்.

மூத்த_வாசகன்:
ஒக்ஸ்போட் மூன்றாம் வரிசை என்று முழுமையாக எழுதுங்கள். இழையின் தலைப்பு இருக்கை பற்றியது என்பதையும் நினைவூட்டுகிறேன்.

தையல்_அக்கா:
மூத்தவர் சொன்னதில எண்ணெய்க் கதை சரி. ஆனா தடுத்திருக்கலாம் எண்டு சொல்லி என்ன பலன், பெடியன் பூசிப் போட்டுத்தானே வந்திருக்கிறான்.

நல்லெண்ணெய் காத்துப் பட்டுப் பட்டு மெல்லப் பிசின் ஆகிற சாதி எண்ணெய். பழைய எண்ணெய்ப் போத்தில் மூடி ஒட்டிப் பிடிக்கிறது அதாலதான். உம்மட சீற்றிலயும் அதுதான் நடக்குது. துணியில வாற சிவப்பு, இளகிப் போன பழைய நிறமும் ஊத்தையும்.

முதல் வேலை, எண்ணெயை வெளியால எடுக்கிறது. சோளமாவைத் தடிப்பாத் தூவி இரவு முழுக்க விடும். காலமை மென்மையான பிறசால தட்டும். திருப்பியும் போடும். மா நிறம் மாறாமக் கிடக்கிற வரைக்கும். வெடிப்புக்குள்ள போன மாவை ஈரத்துக்கு முதல் வடிவா எடுத்துப் போடும், இல்லாட்டி கழி மாதிரி இறுகும்.

பேந்து குழந்தைப் பிள்ளையளுக்கு வைக்கிற சம்பூ ரண்டு சொட்டு, நல்லாப் பிழிஞ்ச துணியில. சவுக்காரம் வேண்டாம். தோல் கொஞ்சம் புளிப்புப் பக்கம் இருக்கிற சாமான், சவுக்காரம் காரம், அது தோலை விறைக்கப் பண்ணும். கிணத்துத் தண்ணியும் வேண்டாம். எங்கட சுண்ணாம்புக்கல்லுத் தண்ணியில வெள்ளைப் படை விழும். பற்றறிக்கு விடுற தண்ணி ஒரு போத்தில் வாங்கும். நிழல்ல, ஃபானுக்குக் கீழ காய விடும். வெயிலில வைச்சா இன்னும் வெடிக்கும். தின்னர், பெற்றோல் பக்கத்திலயும் கொண்டு போகாதேயும், அரக்கு உரிஞ்சு வரும்.

பனங்காய்:
மாட்டுக் குளம்பு எண்ணெய்தான் சரியான மருந்து எண்டு என்ர பெரியப்பா குதிரைச் சேணத்துக்குப் பூசுறவர்.

தையல்_அக்கா:
சேணத்துக்குப் பூச்சு இல்லை, அதுக்குச் சரி. சீற்றுக்குப் பூசினா நிறம் கறுக்கும், நூலும் இளகும். எத்தினை சீற் தையல் விட்டு வந்திருக்கு என்னட்ட.

நல்லூரான்_87:
வெடிப்புக்கு? நிறம் அடிக்க நேரம் காணுமோ?

தையல்_அக்கா:
காணாது. எண்ணெய் மிச்சம் இருக்கிற தோலில எந்த நிறமும் பிடிக்காது, கலியாணத்தண்டு சூட்டில உரிஞ்சு வேட்டியில நிக்கும். கூறை சிவப்பெண்டா தப்பும், வேட்டி தப்பாது. கலியாணம் முடிய ஆறுதலாச் செய்யலாம். பின்பக்கத்தால துணி ஒட்டி வெடிப்பைப் பிடிச்சு, வளையிற பூச்சு வைச்சு, 600ஆம் நம்பர் உப்புத்தாளால தேய்ச்சு, தண்ணி நிறம் அடிக்கலாம். ஆனா கையில செம்பொடி மாதிரி உதிருற இடம் இருந்தா அது செத்த தோல். அந்தத் துண்டை மாத்திறதுதான் ஒரே வழி.

இப்போதைக்கு, மா போட்டு முடிஞ்ச பிறகு வெள்ளை ரிசுவை விரிச்சு அதுக்கு மேல ரண்டு செங்கல்லு வைச்சு ஒரு இரவு விடும். காலமை ரிசுவில எண்ணெய் வட்டம் இருந்தா இன்னும் இருக்கு எண்டு அர்த்தம். எப்பிடி இருந்தாலும் அண்டைக்குக் கீழ பொலித்தீன், மேல இரட்டை மடிப்பு வெள்ளைத் துணி. இறங்கின உடன பொலித்தீனை எடுத்துப் போடும், கிடந்தா பூஞ்சணம் பிடிக்கும்.

கொழும்புத்துறை_ரவி:
ரண்டு கதவு மைனர் எண்டா கூறையோட பொம்பிளை பின்னால எப்பிடி ஏறுறது?

கொக்குவில்_கராஜ்:
அதுக்குத்தான் ஏ40 எண்டு சொன்னனான்.

நல்லூரான்_87:
நாலு கதவு அண்ணை. மா இண்டைக்குப் போடுறன்.

(27 நாள் கழிச்சு)

நல்லூரான்_87:
கலியாணம் முடிஞ்சுது. மா 5 தரம் போட்டது. ரிசுவில கடைசியாச் சின்ன வட்டம் ஒண்டு இருந்தது, துணி விரிச்சதால சமாளிச்சாச்சு. மச்சான்ர வேட்டி தப்பிட்டுது. அப்பா இப்ப முன் சீற்றுக்கும் எண்ணெய் பூசச் சொல்லுறார். நன்றி அக்கா, படம் பேந்து போடுறன்.

தையல்_அக்கா:
எண்ணெய்ப் போத்திலை ஒளிச்சு வையும். படம் எங்க?

தையல்_அக்கா:
தம்பி, படம்?

பனங்காய்:
கராஜ் அண்ணை, மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோட கலந்து ஒயில் தண்ணியாப் போறது ஏ40க்கும் நடந்ததுதானே? அதைப்பற்றி ஒண்டும் சொல்லேல்லை நீங்கள்.