உயிரியலில் எந்தப் பட்டம் எடுப்பது? வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்

கேட்டவர்: ஊருணிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். தாவரவியல், விலங்கியல் தனித்தனியாக இருக்கிற பியூர் சயின்ஸ் குரூப், கணக்கு கிடையாது. நீட் எழுதினேன். வந்த மதிப்பெண்ணுக்கு அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில்கூட எம்.பி.பி.எஸ். வராது. இன்னொரு வருஷம் அதற்காக உட்கார எனக்கு மனசு இல்லை.

சென்னையில் இருக்கிற சித்தப்பா பயோடெக்னாலஜிதான் எதிர்காலம் என்கிறார். கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரி பார்த்து வைத்திருக்கிறார். வருஷத்துக்கு எண்பதாயிரம், ஹாஸ்டல் தனி. அப்பாவுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது, அதனால் பி.எஸ்சி. அக்ரி கிடைத்தால் போதும் என்கிறார். அம்மாவுக்கு நான் பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் படித்தால் நிம்மதி. பக்கத்து அரசுக் கல்லூரியில் தாவரவியல் இருக்கிறது. அதைச் சொன்னால் சித்தப்பா, "பாட்டனி படிச்சு என்ன பண்ணப் போறே?" என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் ஒரு நாளைத்தான் சொல்லத் தோன்றுகிறது. பதினொன்றாம் வகுப்பில் எங்கள் தாவரவியல் டீச்சர் ஊருணித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது என்று அப்பத்தா சொல்லும், அதனால் படியில் மண்டிபோட்டு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்துப் போனேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், பச்சையாக ஒரு உருண்டை தானாகவே உருண்டு போகிறது. அதற்குள்ளே இன்னும் ஐந்தாறு குட்டி உருண்டைகள். வால்வாக்ஸ் என்றார் டீச்சர். பெல் அடித்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. நாங்கள் குடித்து வளர்ந்த தண்ணீரில் இது இத்தனை நாளும் இருந்திருக்கிறது!

அப்புறம் என் அத்தையைக் கட்டிக்கொடுத்தது பெரிய கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரண்டுவிடும் என்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள். அங்கே போனால் நத்தைக்குத்தி நாரையைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க இருந்துவிடுவேன்.

பட்டத்தின் பெயர் அவ்வளவு முக்கியமா? கடன் வாங்கி பயோடெக் படிக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கால்நடை மருத்துவர், சிவகங்கை மாவட்டம்

தங்கச்சி, நீட் போனதோடு எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதே. தமிழ்நாட்டில் பி.வி.எஸ்சி., அதாவது கால்நடை மருத்துவப் படிப்பின், மாநில இடங்களுக்கு நீட் வேண்டியதில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். மீன்வளப் படிப்பும், அப்பா சொல்கிற அக்ரியும் அதே மாதிரிதான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு இவற்றுக்கும் உண்டு. உன் மதிப்பெண் எவ்வளவு என்று எழுதவில்லையே? முதலில் இவற்றுக்கு விண்ணப்பம் போட்டுவிடு, மற்றதை அப்புறம் யோசிக்கலாம்.

அக்ரி நான்கு வருஷம். கணக்கு இல்லாத உன் குரூப்புக்கும் வழி இருக்கிறது. நம் செட்டிநாட்டிலேயே வேளாண் கல்லூரி வந்துவிட்டது. கால்நடை மருத்துவம் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருஷம். வேலை எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ராத்திரி ஒரு மணிக்கு ஒரு பசு கன்று ஈன முடியாமல் கிடந்தது. தோள் வரை கையை விட்டு, மடங்கிக் கிடந்த முன்னங்காலைத் திருப்பி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. கன்று பிழைத்தது. அந்த வேலை எனக்குப் பிடிக்கிறது. உனக்குப் பிடிக்குமா என்று பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் நாலு நாள் நின்று பார்த்துவிட்டுச் சொல்.

பதில்: பள்ளத்தூர்க்காரி

பாப்பா, உன் சித்தப்பா காட்டுகிற வழியில் போனவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நான் பிளஸ் டூ முடித்தது 2006-ல். அப்போது பயோடெக் என்றால் எங்கள் பக்கம் எல்லாருக்கும் ஒரு மயக்கம். அப்பா பாங்கில் கடன் வாங்கி வெளியூரில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டார். அவர்கள் கொடுத்த விளம்பரப் புத்தகத்தில், டி.என்.ஏ.வைப் பல நகல் எடுக்கிற பி.சி.ஆர். மெஷின் படம் பெரிதாக இருந்தது. அந்த மெஷினை மூன்று வருஷமும் நீலப் பிளாஸ்டிக் உறைக்குள்தான் பார்த்தேன். இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் உறையைக் கழற்றினார்கள். டி.என்.ஏ. துண்டுகளை அளவு வாரியாகப் பிரிக்கிற ஜெல் ஓட்டும் பயிற்சியை மேடம் ஒருவர் செய்வார், நாங்கள் நாற்பது பேர் சுற்றி நின்று எட்டிப் பார்ப்போம். ரெக்கார்டு நோட்டில் முடிவை சீனியர் நோட்டைப் பார்த்து வரைந்தோம். அப்பா கட்டிய பணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு வலிக்கிறது. பாடத்தின் மேல் தப்பில்லை. பயோடெக் அருமையான பாடம்தான், கையால் செய்யாமல் அது வராது.

எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜிக்கு வேறொரு இடம் போனேன். அங்கேதான் முதன்முதலாக என் கையால் ஸ்ட்ரீக் போட்டேன், அதாவது தட்டில் பாக்டீரியாவைக் கோடு கோடாக இழுத்தேன். லூப் என்கிற கம்பி வளையத்தைச் சுடரில் சிவக்கக் காட்டி, ஆறவிட்டு, தட்டில் கூழாக உறைந்திருக்கிற அகார் கிழியாமல் இழுக்க வேண்டும். மறுநாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்தால், கடைசிக் கோட்டில் பாக்டீரியா பெருகித் திரண்ட ஒவ்வொரு காலனியும் தனித்தனியாக, கடுகு போல நிற்கிறது. உனக்கு வால்வாக்ஸ் என்றால் எனக்கு அது.

இப்போது தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் லேப் பார்க்கிறேன். வயிற்றுநோய் தருகிற சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்க, 25 கிராம் இறாலை 225 மில்லி பெப்டோன் சத்துத் தண்ணீரில் கலந்து, 37 டிகிரியில் ராத்திரி முழுக்க வைப்போம். அதை வேறு மீடியாவுக்கு, அதாவது வேறு வளர்ப்புச் சத்துக்கு, மாற்றி வளர்த்து, கடைசியில் எக்ஸ்எல்டி என்கிற அகார் தட்டில் போடுவோம். சிவப்புக் காலனியில் நடுவே கறுப்பு விழுந்தால் சந்தேகம், மேற்கொண்டு சோதிக்க வேண்டும். உறுதியானால் அந்தச் சரக்கு நகராது. நாள் முழுக்க நின்றபடி வேலை. ஆனால் என் கையெழுத்துக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது என்று தெரியும்.

எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டுமுன் அப்பாவோடு போய் லேபைப் பார். ஒரு பேட்ச்சுக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை மைக்ரோஸ்கோப் என்று கேள். முக்கியமாகக் கை கழுவுகிற தொட்டியைப் பார். பாக்டீரியாவுக்குப் போடுகிற கிரிஸ்டல் வயலட் சாயத்தின் கறை ஏறி ஊதாவாக இருந்தால் அங்கே பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். பளபளவென்று இருந்தால் யோசி. நீராவியில் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ் ஓடுகிற லேபில் மீடியா வெந்த வாசனை, சூப் வைத்த மாதிரி, நிலையாக இருக்கும். வாசலிலேயே தெரிந்துவிடும்.

பட்டத்தின் பெயர் முக்கியமா என்று கேட்டாயே, முக்கியம்தான். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, வேளாண்மை, கால்நடை எல்லாம் தகுதிப் பட்டியலில் உண்டு. வெறும் தாவரவியல், விலங்கியல் இல்லை. இந்திய வனப் பணிக்கு அப்படியே தலைகீழ். அங்கே தாவரவியல், விலங்கியல், வேளாண்மை, வனவியல், கால்நடை உண்டு. பயோடெக் என்ற பெயர் இல்லை. நாரையைப் பார்த்துக்கொண்டே நாளைக் கழிக்கிற பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பள்ளி ஆசிரியர் வேலைக்கும் நீ படித்த குரூப்பையே பார், தாவரவியலும் விலங்கியலும்தான் பாடமாக இருக்கின்றன. ஆராய்ச்சிக்குப் போனால் இந்தப் பேதம் அநேகமாகக் கிடையாது. ஆராய்ச்சிக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் லைஃப் சயின்சஸ் ஒரே தாள்தான். அதில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

பணத்தைப் பற்றி. 2011-ல் என் முதல் சம்பளம் 6,500 ரூபாய். தவணை கட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதை முதுகலைக்கு வைத்துக்கொள். இளங்கலையை அரசுக் கல்லூரியில் நன்றாக முடி. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உன் கணக்குக்கு வரும். அப்புறம் தண்ணீரில் இருக்கிற உயிர்கள்தான் வேண்டும் என்றால், அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியிலேயே இருக்கிறது.

பதில்: ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், தேவகோட்டை

ஆத்தா, பள்ளத்தூர்க்காரி சொன்னதில் எனக்குப் பெரும்பாலும் சம்மதம். லேபைப் பார்க்கச் சொன்னார், சரி. கல்லூரிக்கு வெளியேயும் பார். தாவரவியலுக்குப் பாதி லேப் வெளியில்தான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளைக் கண்மாய்க்குள் கூட்டிப்போவேன். பறித்த செடியைப் பழைய தினத்தந்தி தாளுக்குள் வைத்து அழுத்தி, தாளைத் தினமும் மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். ஒரு வருஷம் அப்படி ஐம்பது செடி செய்தவளுக்குக் குடும்பப் பெயர்கள் மனப்பாடம் செய்யாமலே வந்துவிடும்.

"பாட்டனி படிச்சு என்ன பண்ணப் போறே" என்ற கேள்விக்கு ஜானகி அம்மாளைச் சொல். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தவர். அமெரிக்காவில் மிச்சிகன் வரை போய் ஆராய்ச்சி செய்து, கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தவர். எம்.எஸ்.சுவாமிநாதன் முதலில் திருவனந்தபுரத்தில் விலங்கியல் பட்டம் வாங்கினார். வங்காளப் பஞ்சத்தைப் பார்த்த பிறகுதான் கோயம்புத்தூரில் வேளாண்மை படித்தார்.

நான் கவலையோடு சொல்வது இரண்டு. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் துணைப்பாடமான வேதியியலைக் கடனே என்று எழுதிவிடுவார்கள். பின்னால் பயோகெமிஸ்ட்ரிக்கோ பயோடெக்குக்கோ போகிற பாதை அங்கேதான் அடைபடுகிறது. நெட் தேர்வுத் தாளும் தமிழில் வராது. முதல் நாளிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் இரண்டு மொழியிலும் எழுதி வை. பச்சையம் என்று எழுதினால் பக்கத்திலேயே குளோரோஃபில் என்றும் எழுது. என்னிடம் படித்து இன்று ஆராய்ச்சியில் இருக்கிற பிள்ளைகள் அந்த நோட்டைத்தான் இன்னும் சொல்கிறார்கள்.

மறுபடியும்: ஊருணிக்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். பள்ளத்தூர் அக்கா எழுதிய நீல உறையை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். சித்தப்பாவிடம் அவரே போனில் பேசிவிட்டார்.

நேற்று அம்மாவும் நானும் அரசுக் கல்லூரிக்குப் போனோம். விடுமுறைதான், ஆனாலும் லேப் உதவியாளர் ஐயா திறந்து காட்டினார். மைக்ரோஸ்கோப் பழசு, ஆனால் லென்ஸ் சுத்தமாக இருந்தது. தொட்டி நல்ல ஊதா, அக்கா. சுவரோரம் அழுத்திக் காயவைத்த செடிகள் கட்டுக் கட்டாக இருந்தன.

அக்ரிக்கும் கால்நடைக்கும் விண்ணப்பம் போடுகிறேன். அக்ரி வந்தால் அதில் சேர்கிறேன். வராவிட்டால் தாவரவியல், அதைக் கடைசி இடமாக நினைக்காமல் சேர்கிறேன். கால்நடை மருந்தகத்துக்குத் திங்கட்கிழமை போகிறேன். ஒரு சந்தேகம்: எட்டாவது வரை நான் படித்தது எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளி, அப்புறம்தான் மேல்நிலைப் பள்ளி. 7.5 ஒதுக்கீட்டுச் சான்றிதழ் இரண்டு இடத்திலும் வாங்க வேண்டுமா?

பதில்: கால்நடை மருத்துவர், சிவகங்கை மாவட்டம்

ஆமாம் தங்கச்சி, ஆறிலிருந்து எட்டு வரை அங்கே, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இங்கே. இரண்டு தலைமை ஆசிரியர் கையெழுத்தும் வேண்டும். நாளைக்கே போய்விடு. திங்கட்கிழமை மருந்தகத்துக்குக் காலை எட்டு மணிக்கே போ. மாடுகள் வருகிற நேரம் அதுதான்.