கேசட்டை எம்பி3 ஆக்கித் தருகிறவர்கள் யாராவது தெரியுமா?

மார்த்தாண்டம் பக்கம் பழைய ஆடியோ கேசட்டை எம்பி3 ஆக மாற்றித் தருகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். வரும் மார்ச் 25 எங்கள் பெரியம்மாவுக்கு 70 வயது. அதே மார்ச் 25இல்தான், 1942இல், அவருக்கு உயிரான அமெரிக்க சோல் இசைப் பாடகி அரேதா ஃபிராங்க்ளினும் மெம்பிஸில் பிறந்தார். டெட்ராய்ட்டில் அப்பா போதகராக இருந்த சபையில் பாடி வளர்ந்தவர் என்பதால், ஊர்ச் சபையில் நாற்பது வருஷம் பாடிய பெரியம்மாவுக்கு அவர் ஏதோ சொந்தக்காரி மாதிரி. பெரியப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த அரேதா கேசட்டின் மறுபக்கத்தில் பெரியம்மாவே பாடிப் பதிந்திருக்கிறார், அதுதான் வேண்டும். நாகர்கோவிலில் ஒரு கடையில் கொடுத்தேன், ரீலைச் சிக்கலாக்கித் திருப்பித் தந்துவிட்டார்கள் (பென்சில் விட்டுச் சுற்றி ஒருவழியாகச் சரிசெய்துவிட்டேன்). குழித்துறை, தக்கலை, எங்கென்றாலும் நானே கொண்டுவருகிறேன். அப்புறம், பெரியம்மாவின் மருமகளும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்; அக்கா, வீட்டில் மூச்சு விட்டுவிடாதீர்கள்.